வாசகர் கேள்வி: கருகருவென இலை, பூ எங்கே?

கேள்வி: வீட்டு முன்புறம் நாள் முழுக்க வெயில். அங்கே நட்ட குண்டுமல்லிக்கு இரண்டு வயதாகிறது. மாதம் இருமுறை யூரியா போடுகிறேன். ஆளுயரம் வளர்ந்தும் பூ இல்லை. வரும் நாலைந்து மொட்டும் ஊதா நிறமாகி உதிர்கிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: யூரியாவை இன்றே நிறுத்துங்கள். அதில் 46 சதவீதம் தழைச்சத்து. செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருப்பது அதனால்தான்.

அடுத்தது கத்தரிக்கோல் வேலை. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நம் மலேசியாவில் குளிரும் இல்லை, நீண்ட வறட்சியும் இல்லை, செடி தானாக ஓய்வெடுக்காது. அந்த ஓய்வை நாம்தான் தரவேண்டும். தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் உயரம் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பாவம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளினால் பயனில்லை. கணுவில் எதிரெதிரே இரண்டு இலை இருப்பதால், ஒரு வெட்டுக்கு இரண்டு தளிர் வரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மொட்டு தெரியும். தைப்பூசத்துக்குப் பூ வேண்டுமானால் டிசம்பர் தொடக்கத்திலேயே வெட்டிவிடுங்கள். பழைய யூரியா மண்ணில் மிச்சமிருந்தால் முதல் சுற்று ஏமாற்றலாம். அதற்காக மனம் தளர்ந்து மறுபடி உரத்தைக் கொட்டாதீர்கள்.

தளிர் விரலளவு வந்ததும் 12-12-17-2 நீல உரம் (எண்கள் தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் சதவீதம்), மாதம் 30 கிராம், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் தூவி மண்ணால் மூடுங்கள். செம்மண் புளிப்பு மண். தோட்டங்களில் ஜிஎம்எல் என்று சொல்கிற சுண்ணாம்புத் தூளில் ஒரு கைப்பிடி போட்டுக் கிளறலாம். ஆனால் உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

செம்பனை வெறுங்குலையை (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) மூடாக்காகப் போடுவோர் உண்டு. ஓர் அடுக்கு போதும், தண்டைத் தொடக்கூடாது. குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

இனி, ஊதா மொட்டு. ஒன்றைப் பிளந்து பாருங்கள். அடிப்பகுதி வீங்கி, உள்ளே நூல்போன்ற சின்னப் புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மொட்டில் ஓட்டை இருந்தால் அது வேறு, மொட்டுப்புழு. ஈயின் புழு மொட்டுக்குள் இருப்பதால் வேப்பெண்ணெய் அதை எட்டாது. வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே கெட்ட மொட்டுகளைத் தினமும் பறித்து, கீழே விழுந்ததையும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் நாமே வளர்த்துவிடுவது போலாகும். ஓட்டை போடும் புழுவுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு பாத்திரச் சோப்புடன் மாலையில் தெளிக்கலாம்.

கேள்வி: குண்டுமல்லிக் குச்சி வெட்டி நட எந்தக் கிளை நல்லது?
– வாசகர், தாப்பா

பதில்: பச்சையும் பழுப்புமாக முற்றிய கிளை. மூன்று கணு, 15 சென்டிமீட்டர். அடிக்கணு இலையைக் கிள்ளி, ஆற்றுமணலில் நிழலில் ஊன்றுங்கள். நான்கைந்து வாரத்தில் வேர் பிடிக்கும். இழுத்துப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்குங்கள்.