மூணு கோடி வியூஸும் காலி நாற்காலிகளும்

கேள்வி: போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் நடந்த பாட்டுக் கச்சேரிக்கு, தலைக்கு 1,499 ரூபாய் கொடுத்து நாலு டிக்கெட் வாங்கினேன். பாடகரை அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் பத்து நாளாக எந்த ரீல்ஸைத் திறந்தாலும் அவர் பாட்டுதான். 'மூன்று கோடி பேர் கேட்ட குரல்', 'முழு லைவ் பேண்டுடன் இரண்டரை மணி நேரம்' என்று போஸ்டர். டிக்கெட் பக்கத்தில் 'இன்னும் 7 மட்டுமே' என்று சிவப்பு எழுத்து வேறு. போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் நாற்காலி காலி. பேண்டும் இல்லை, ட்ராக்கைப் போட்டு ஐந்து பாட்டு பாடினார், மீதி நேரம் டிஜே. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் எதற்காகக் கோபப்படுகிறீர்களோ அதற்காக இல்லை. ரீல்ஸில் அவரைப் பெரிய ஆளாகக் காட்டிவிட்டார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி. அதை வைத்துக்கொண்டு மட்டும் போனால், 'உங்களுக்குப் பாட்டு பிடிக்கவில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்ய' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ரசனை ஏமாந்ததற்கு எந்தச் சட்டத்திலும் மருந்து கிடையாது. சொன்ன சங்கதி பொய்யாகப் போனதற்குத்தான் உண்டு.

அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அந்த 'முழு லைவ் பேண்டுடன் இரண்டரை மணி நேரம்'. அது ஒரு வாக்குறுதி, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது, நிறைவேற்றவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதைச் சேவைக் குறைபாடு என்றும் சொல்லலாம், தவறான விளம்பரம் என்றும் சொல்லலாம். பொய்யான உத்தரவாதம் கொடுப்பது மட்டுமல்ல, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டப்படி தவறான விளம்பரம்தான்.

அடுத்தது 'இன்னும் 7 மட்டுமே'. அரங்கம் பாதி காலியாகக் கிடந்தபோது ஏழு டிக்கெட் மட்டும் எப்படிப் பாக்கி இருந்திருக்கும்? இல்லாத அவசரத்தைக் காட்டி அடித்துப்பிடித்து வாங்க வைக்கும் இந்தத் தந்திரத்தை மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' (இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் தந்திரங்கள்) வழிகாட்டுதலில் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவதும் அதில் வரும், எனவே உங்கள் 1,499 கடைசியில் எவ்வளவாக ஆனது என்று ஒருமுறை பாருங்கள்.

'மூன்று கோடி பேர்' விஷயத்துக்கு வருகிறேன். வியூ வேறு, ஆள் வேறு. யூடியூபில் பாட்டையே விளம்பரமாக ஓட்டலாம், நீங்கள் சமையல் வீடியோ பார்க்கப் போகும்போது முன்னால் வந்து நிற்கும், கொஞ்ச நேரம் தள்ளிவிடாமல் விட்டால் அதுவும் அந்தப் பாட்டின் எண்ணிக்கையில் ஏறும். 2019 ஜூலையில் ஒரு இந்தி ராப் பாட்டு ஒரே நாளில் ஏழரைக் கோடி வியூஸ் தொட்டதாகப் பெரிய பேச்சு. யூடியூப் அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே, முதல் 24 மணி நேர சாதனைக் கணக்கில் விளம்பரம் வழியாக வந்த பார்வைகளைச் சேர்க்க மாட்டோம் என்று விதியையும் மாற்றியது. ஆனால் இது அந்தச் சாதனைக் கணக்குக்கும் யூடியூபின் இசைத் தரவரிசைப் பட்டியலுக்கும் மட்டும்தான். வீடியோவுக்குக் கீழே நமக்குத் தெரியும் எண்ணில் அந்த வடிகட்டல் கிடையாது. விளம்பரம் ஓட்டுவது குற்றமும் இல்லை. அதை 'மூன்று கோடி பேர் கேட்டார்கள்' என்று போஸ்டரில் அடித்து டிக்கெட் விற்கும்போதுதான் கேள்வி கேட்க இடம் வருகிறது. புகாரில் இதையும் எழுதுங்கள், ஆனால் மூன்றாவதாக எழுதுங்கள்.

செய்ய வேண்டியது: போஸ்டர், டிக்கெட் பக்கம், பணம் போன குறுஞ்செய்தி, காலி நாற்காலிப் படம், எல்லாவற்றையும் இன்றே ஒரு இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஸ்டோரியாகப் போட்டது 24 மணி நேரத்தில் மறைந்திருக்கும், உங்களோடு வந்தவர்கள் போனில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று கேளுங்கள். அமைப்பாளருக்கு மின்னஞ்சலில் எழுதி 15 நாள் கெடு கொடுங்கள் (போனில் பேசினால் பேசியதோடு சரி, கையில் எதுவும் மிஞ்சாது). பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அமைப்பாளர் சென்னையோ பெங்களூரோ, கவலை வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

தவறான விளம்பரம் என்று மாவட்ட ஆட்சியரிடமும் தனியாக மனு கொடுக்கலாம், அந்தச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அதில் உங்கள் பணம் வராது, ஆனால் அடுத்த சீசனில் அதே கூட்டம் மறுபடி மலை ஏறி வராமல் இருக்க உதவும்.

கேள்வி: என் மகன் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டு போட்டு வெளியிடுகிறான். ஒரு புரமோஷன் ஏஜென்சி 35,000 ரூபாய் கேட்கிறார்கள். ஐந்து லட்சம் ஸ்ட்ரீம் கேரண்டி, ஸ்பாட்டிஃபையின் பெரிய பிளேலிஸ்ட்டில் இடம் கேரண்டி என்கிறார்கள். நான் தறி ஓட்டிச் சேர்த்த காசு. கொடுக்கலாமா? (வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. அந்த 'கேரண்டி' என்ற சொல் ஒன்றே போதும். மனிதர்கள் கேட்பதற்கு யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது, எண்ணிக்கைக்குக் கேரண்டி கொடுக்கிறார்கள் என்றால் கேட்கப்போவது மனிதர்கள் இல்லை. வரிசையாக அடுக்கிய போன்களோ, 'பாட்' என்கிற தானியங்கிக் கணக்குகளோதான். கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றி வருவதாவது தேவலை, அங்கே வருகிறவர்களுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமாவது மிஞ்சும்.

ஸ்பாட்டிஃபையே சொல்கிறது, காசு வாங்கிக்கொண்டு பிளேலிஸ்ட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வெளியாள் சொன்னால் நம்பாதே என்று. அவர்கள் ஆசிரியர் குழு நடத்தும் பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டை அனுப்பக் காசே வேண்டாம், 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கு வழியாக வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால் போதும். எடுப்பார்களா என்பது அவர்கள் இஷ்டம்.

இதில் பெரிய ஆபத்து, காசு போவதோடு நிற்காது. போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் அந்த எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள், ராயல்டி வராது. அப்பட்டமாகச் செய்த பாட்டுக்கு, 2024 முதல், பாட்டை ஏற்றிக் கொடுத்த விநியோக நிறுவனத்துக்கு பாட்டுக்கு இவ்வளவு என்று ஸ்பாட்டிஃபை அபராதம் போடுகிறது. அந்த நிறுவனம் சும்மா இருக்குமா, உங்கள் மகன் தலையில் கட்டும், இல்லையென்றால் பாட்டையே இறக்கிவிடும். ஏஜென்சிக்காரர் அப்போது போனை எடுக்க மாட்டார். அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் ஒருவர் மேல் வழக்கே போட்டார்கள், ஏஐ-யில் செய்த பாட்டுகளை லட்சக்கணக்கில் ஏற்றி, பாட் வைத்துத் தானே கேட்டு, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி எடுத்தார் என்று. அது திருட்டுக்கென்றே செய்தது, உங்கள் மகன் விஷயம் அப்பாவித்தனம், ஆனால் தளத்தின் கணினிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் உடனே எழுத்தில் ரத்து செய்யுங்கள். தொழிலுக்காக வாங்கிய சேவை, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு 2019 சட்டம் விலக்குத் தருகிறது, சேவைக்கு அந்த விலக்கை அது சொல்லவில்லை. அதோடு, வாங்கியதே போலிக் கூட்டம் என்றால் ஆணையத்தில் நின்று அதை எப்படிக் கேட்பது?

அந்தக் காசில் நல்ல மைக் ஒன்று வாங்கலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரெல்லாம் மேடை போடுகிறார்களே, அங்கே பையன்களை ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டு நிஜமாகவே ஹிட்டா, இல்லை ஹிட் ஆக்கிக் காட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கல்லூரி மாணவர், குகை)

பதில்: முழுதாகத் தெரியாது. சந்தேகப்பட சில இடங்கள் உண்டு.

இப்போதைய முறை வியூ வாங்குவது இல்லை, அது பழசு. ரசிகர் போலப் பேசும் பக்கங்களைத்தான் வாங்குகிறார்கள். ஒரே கம்பெனி நிறையக் கணக்குகளை வைத்துக்கொண்டு பைக் வீடியோ, பரோட்டா வீடியோ, மழையில் ஏற்காடு கொண்டை ஊசி வளைவு வீடியோ, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பாட்டை ஓட விடும். கீழே ஒருவர் 'பாட்டு பேர் என்ன ப்ரோ' என்பார், இன்னொருவர் சொல்வார், மூன்றாமவர் 'இவர் ரொம்ப அண்டர்ரேட்டட், நம்ம ஆளுங்க கொண்டாட மாட்டாங்க' என்று வருத்தப்படுவார். சில சமயம் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், பாட்டை நாமே தேடிக் கண்டுபிடித்த மாதிரி நமக்கே ஒரு பெருமை வந்துவிடுகிறது.

சரி, எங்கே பார்ப்பது? இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு 'அபௌட் திஸ் அக்கவுண்ட்' பாருங்கள். எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து, இதற்கு முன் எத்தனை முறை பெயர் மாறியது என்று பல கணக்குகளில் காட்டும். நாலு முறை பெயர் மாறிய 'ரசிகர் பக்கம்' என்றால் விலைக்கு வந்ததாக இருக்கலாம். ஸ்பாட்டிஃபையில் பாடகர் பக்கத்தில் கீழே போனால் அதிகம் கேட்கும் ஐந்து ஊர்களைக் காட்டும். தமிழ்ப் பாட்டுக்கு சென்னை, பெங்களூரு, கோலாலம்பூர் வந்தால் இயல்பு. தமிழ் வாசனையே இல்லாத ஐந்து ஊர்கள் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் பாடகர் பெயரைப் போட்டால் இப்போது ஓடும் விளம்பரங்கள் தெரியும், காசு கிடையாது. ஆனால் ரசிகர் வேடம் போட்ட பக்கங்கள் அதில் வராது, அதுதான் இந்த வேலையின் சூட்சுமமே.

இதெல்லாம் டிக்கெட்டோ டி-ஷர்ட்டோ வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. சும்மா பாட்டுக் கேட்பதற்கு இவ்வளவு துப்பறிய வேண்டாம். பிடித்தால் கேளுங்கள்.

கேள்வி: சேலம் பற்றி ஒரு இன்ஸ்டா பக்கம் நடத்துகிறேன், 60,000 பேர் தொடர்கிறார்கள். ஒரு பாட்டைப் பின்னணியில் போட்டு, எனக்குப் பிடித்த மாதிரி இரண்டு வரி எழுத 2,000 ரூபாய் தருகிறார்கள். 'விளம்பரம் என்று போடக்கூடாது' என்பது நிபந்தனை. தட்டுவடை செட் கடைக்குப் போடும்போதும் நான் எதுவும் குறிப்பிட்டதில்லை. (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: அந்த நிபந்தனையைப் பார்த்ததுமே நீங்கள் விலகியிருக்க வேண்டும். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூன் 9 வழிகாட்டுதலும் 2023 ஜனவரியில் அரசு வெளியிட்ட விளக்கமும் சொல்கின்றன. ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம், பரிந்துரைத்தவரை ஒரு வருடம் விளம்பரம் செய்யாமல் தடுக்கலாம். 2,000 ரூபாய்க்கு உங்கள் மேல் பாயப்போகிறார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் கம்பெனி உங்களிடம் எழுத்தில் எதுவும் தரவில்லை பாருங்கள், சிக்கினால் பக்கம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. காசு வாங்கிப் போட்டது என்று காட்டும் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' பட்டனை அழுத்திவிட்டுப் போடுங்கள். தட்டுவடை செட்டுக்கும் அதேதான்.

கேள்வி: புதுப் பாடகர்களின் பாட்டுக்கு யூடியூபில் லைக் போட்டால் ஒரு லைக்குக்கு 50 ரூபாய் என்று என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வந்தது. இப்போது 'பிரீமியம் டாஸ்க்' என்று 5,000 கட்டச் சொல்கிறார்கள். (வாசகர், சூரமங்கலம்)

பதில்: கட்டாதீர்கள். இதில் பாடகரும் இல்லை, புரமோஷனும் இல்லை, அந்த 150 ரூபாய் தூண்டில் புழு. 5,000 கட்டினால் திரையில் 7,000 என்று காட்டும், எடுக்கப் போனால் 20,000 கட்டச் சொல்லும், இப்படியே லட்சக்கணக்கில் இழந்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறும் முன் வங்கியில் நிறுத்த வழி உண்டு. அந்த 150 ரூபாய் யார் கணக்கிலிருந்து வந்தது என்றும் பாருங்கள், அது வேறு ஏமாந்தவருடைய பணமாக இருந்தால் அவர் புகாரில் உங்கள் கணக்கையும் முடக்கக்கூடும்.

கேள்வி: மாதம் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிறேன். மிகவும் பிடித்துப்போன ஒரு குழு, மனிதர்களே இல்லை, ஏஐ என்று பிறகு தெரிந்தது. சந்தாவைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: சந்தா முழு நூலகத்துக்கு, ஒரு குழுவுக்கு இல்லை, எனவே வராது. 2025-ல் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற குழு மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்டபிறகுதான் தங்கள் பாட்டு ஏஐ என்று ஒப்புக்கொண்டது. கேட்டவர்களுக்குப் பைசா திரும்பவில்லை. தனியாகக் காசு கொடுத்து ஆல்பமோ டிக்கெட்டோ வாங்கியிருந்தால் கதை வேறு. 1990-ல் 'மில்லி வனில்லி' ஜோடி ஆல்பத்தில் பாடியது தாங்கள் இல்லை என்று வெளிவந்து கிராமி விருதே பறிபோனபோது, அமெரிக்காவில் ஆல்பம் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், 1991-ல் வாங்கியவர்களுக்கு ஒரு பகுதி பணம் திருப்பித் தர ஒப்பந்தம் ஆனது. உங்களிடம் அப்படி ஏதாவது ரசீது இருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.