மசக்கை: வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் பதில்

ஏழாவது வாரம். கண் விழித்ததுமே குமட்டுகிறது. பல் துலக்கப் போனால் வாந்திதான். என்ன செய்யலாம்? – வாசகி, தேனி

வெறும் வயிறு குமட்டலைக் கிளப்பிவிடும். இரவே தலைமாட்டில் ஒரு கிண்ணம் பொரியோ, பொட்டுக்கடலையோ, ரஸ்க்கோ வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் படுக்கையில் உட்கார்ந்து நாலு வாய் மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். பல் துலக்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும். வாந்தி எடுத்த கையோடு துலக்கவே வேண்டாம். அமிலம் பட்ட பல் தேய்ந்துபோகும். வாய் கொப்பளித்தால் போதும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், இடையிடையே மிடறு மிடறாகக் குடியுங்கள். ஆறிய உணவில் வாடை குறைவு. தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் பலருக்கு இறங்குகின்றன. தாளிக்கும் வாசனையே குடலைப் பிரட்டுகிறது என்றால், அடுப்படியைச் சில வாரங்களுக்குக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை நான் சலுகையாகச் சொல்லவில்லை, வைத்தியமாகவே சொல்கிறேன். பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரங்களுக்குள் மசக்கை தணிந்துவிடும்.

இஞ்சி சூடு, கரு கலைந்துவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா? – வாசகி, கும்பகோணம்

சமையலில் சேர்க்கும் அளவு இஞ்சியால் கரு கலையாது. கைவைத்தியங்களில் ஆய்வு செய்து பலன் கண்டவற்றில் முதலில் நிற்பது இஞ்சிதான். ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது நாளுக்கு 1 கிராம் அளவு சுக்குப்பொடி. ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. அதையும் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுங்கள். நெஞ்செரிச்சல் வந்தால் குறையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத லேகியம், சூரணம் எதுவும் வேண்டவே வேண்டாம், ஈயம்கூட இருக்கக்கூடும்.

சத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா? – வாசகி, ஓசூர்

ஃபோலிக் அமிலத்தை நிறுத்தாதீர்கள். குமட்டலைக் கூட்டுவது பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரை. அதை இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாமா, சில வாரம் தள்ளிப்போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு நாளாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. "எல்லாருக்கும் வருவதுதானே" என்கிறார்கள் வீட்டில். – வாசகி, அறந்தாங்கி

இல்லை அம்மா, இது எல்லாருக்கும் வருவதில்லை. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, எட்டு மணி நேரமாகப் போகாமலே இருப்பது, எழுந்தால் தலைசுற்றல், 50 கிலோ எடையில் இரண்டரை கிலோ குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இஞ்சியோடு மல்லுக்கட்டாதீர்கள். டிரிப்ஸும் மருந்தும் தேவைப்படும். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன. வாந்தியில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி என்றால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.