மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு எந்த உறை?

கேள்வி: கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிச் செல்லப் புதிய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறேன். சரக்குத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் உறை பொருத்துவதா, ஸ்பிரே பூச்சு அடிப்பதா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தங்கள் தொழிலுக்குப் பூச்சே ஏற்றது. பிளாஸ்டிக் உறை விலை குறைவு. பெட்டிகளை இழுத்து இறக்குவதும் அதில் எளிது. ஆனால் ஐஸ் உருகி வடியும் உப்பு நீர் அதன் அடியில் இறங்கித் தேங்குவதோடு, வண்டியின் அதிர்வில் உறை உராய்ந்து பெயின்டையும் தேய்த்துவிடுவதால், மேலே புதிதாகத் தெரியும் தொட்டி அடியில் அரித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரேயாக அடிக்கும் பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா (அடித்ததும் இறுகிவிடும் பிளாஸ்டிக் வகைகள்) பூச்சு தகரத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் இடையில் நீர் புக வழியில்லை.

எனினும், அடிக்கும் முன் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஈரமின்றி உலர்த்தியாக வேண்டும். அவசரப்படும் பட்டறையில் விடுபடுவது பெரும்பாலும் இந்த வேலைதான், பிறகு பூச்சு தோல் தோலாக உரிந்து வரும். நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதை வண்டியை எடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெயிலில் நிறம் மங்காதிருக்க, புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேற்பூச்சையும் கேட்டு வாங்குங்கள். பணம் இடித்தால், தடித்த ரப்பர் விரிப்பு போதும். நடை முடிந்ததும் அதைத் தூக்கி, அடியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.