குரங்கின்ர இரத்தத்தில என்ன தேடுறியள்? – கேள்வி பதில்

ஒட்டுசுட்டானில பிறந்து வளர்ந்தவள் நான். இப்ப ஆய்வுகூடத்தில குரங்குகளின்ர நோயெதிர்ப்பு மரபணுக்களை வகைப்படுத்துற வேலை. கேட்டவையின்ர ஊரை மட்டும் போட்டுப் பதில் சொல்லுறன்.

மல்லாவி: அக்கா, குரங்கு குரும்பையைப் பிடுங்கி எறிய எங்கட வயிறெரியுது. நீங்கள் அதின்ர இரத்தத்தில என்ன தேடுறியள்?

அம்மா வீட்டுத் தென்னையிலயும் ஒரு தேங்காய் மிஞ்சுறேல்லைத் தம்பி. நான் தேடுறது எம்.எச்.சி. எண்ட மரபணுக் கூட்டத்தை. கலத்துக்குள்ள வைரஸ் புகுந்தால், வைரஸின்ர புரதத்தில ஒரு சின்னத் துண்டைக் கலம் வெளிப்பக்கத்தில ஏந்திக் காட்டும். ரோந்து வாற ரி-கலம் (நோயெதிர்ப்புக் காவல்கார வெள்ளைக் கலம்) அதைப் பார்த்து, உள்ளுக்குக் கள்ளன் நிக்கிறான் எண்டு அந்தக் கலத்தையே கொல்லும். ஏந்துற தட்டத்தைச் செய்யிறதுதான் இந்த மரபணு. தட்டத்தில ஒரு பள்ளம் இருக்கு, அதின்ர வடிவம் ஆளுக்காள் வேற. என்ர பள்ளத்தில இறுகுற துண்டு உங்கடையில வழுகிப் போகலாம்.

செட்டிகுளம்: என்ர மனுசனுக்குச் சிறுநீரகம் மாத்த வேணும். தம்பியாரின்ரை பொருந்துமோ எண்டு இரத்தம் எடுத்தவை. உதுவும் இதுதானோ?

ஓம் தங்கச்சி. மனிசரில அதுக்கு எச்.எல்.ஏ. எண்டு பேர். தாயிட்ட ஒரு தொகுதி, தகப்பனிட்ட ஒரு தொகுதி வரும். அதால ஒரு வயித்துப் பிள்ளையள் ரண்டு பேர் முழுசாப் பொருந்த நாலுக்கு ஒண்டு, பாதி பொருந்த நாலுக்கு ரண்டு எண்ட கணக்கு. பாதி பொருந்தினாலும் மருந்துகளோட மாத்தினம், மனசை விடாதேங்கோ.

நெடுங்கேணி: உயர்தரம் உயிரியல் படிக்கிறன். மனிசரை விடக் குரங்கில வகைப்படுத்துறது கஷ்டமாம், ஏன் அக்கா?

மனிசரில எம்.எச்.சி.யின்ர முதலாம் வகுப்பில (வைரஸ் துண்டை ரி-கலத்துக்குக் காட்டுற தட்டங்கள்) ஏ, பி, சி எண்டு மூண்டு முக்கிய மரபணு, ஒரு நிறமூர்த்தத்தில ஒவ்வொண்டு. ஆய்வுகூடங்களில பாவிக்கிற ரீசஸ் குரங்கில சி இல்லை. ஏயும் பியும் பெருகி, ஒரே நிறமூர்த்தத்தில கனக்கப் பிரதியாக் கிடக்கு. எத்தினை பிரதி எண்டதே குரங்குக்குக் குரங்கு மாறும். அதால ஆர்.என்.ஏ.யில தொடங்கிறது நல்லம்: கலம் உண்மையில பாவிக்கிற மரபணு மட்டும் அதில தெரியும். அதை டி.என்.ஏ. ஆக்கி, பி.சி.ஆர். செய்து பெருக்கி, மரபணு எழுத்துகளை வாசிக்கிற இயந்திரத்தில ஏத்துவம். குறுந்துண்டு வாசிச்சால் பள்ளத்தைச் செய்யிற பகுதி மட்டும் வரும். அந்த இடத்தில ஒத்திருக்கிற ரண்டு எதிருருவை (ஒரே மரபணுவின்ர வேற வேற வடிவங்களை) பிரிக்கேலாது. நீள வாசிப்பு வந்த பிறகுதான் நிம்மதி.

இன்னொண்டு. ஒருக்கா ஒரு குட்டிக்கும் தாய்க்கும் ஒரு தொகுதியும் ஒத்து வரேல்லை. ரண்டு நாள் மண்டையைப் பிச்சன். கடைசியில பார்த்தால், ஊதா மூடிக் குழாய் ரண்டில லேபிளை மாத்தி ஒட்டினது நான்தான். அதுக்குப் பிறகு தாய், தகப்பன், குட்டி மூண்டையும் சேர்த்து ஒப்பிடாமல் ஒரு பெறுபேறும் வெளியில விடுறேல்லை.

முள்ளியவளை: உதால மனிசருக்கு என்ன பிரயோசனம் பிள்ளை?

எயிட்ஸ் வைரஸான எச்.ஐ.வி.யின்ர உறவுக்காரன், குரங்குகளில வாற எஸ்.ஐ.வி. ஐயா. மமு-பி*008, மமு-பி*017 எண்ட எதிருருக்கள் உள்ள ரீசஸ் குரங்குகளில கன குரங்குகள் தடுப்பூசி இல்லாமலே அதை அமத்தி வைக்கும். (மமு எண்டது மக்காக்கா முலாட்டா எண்ட பேரின்ர முதலெழுத்துகள்.) மனிசரில எச்.எல்.ஏ.-பி*57, பி*27 எச்.ஐ.வி.யில அதே மாதிரி உதவும். இப்ப யோசியுங்கோ: தடுப்பூசி போட்ட கூட்டத்தில தற்செயலா உந்தக் குரங்குகள் கூடினால், ஊசி வேலை செய்ததெண்டு துள்ளுவம், வேலை செய்தது பிறப்பு. அதால முதல் வகை பார்த்து, ரண்டு பக்கமும் சமனாப் பிரிக்க வேணும்.

மொரீசியஸ் தீவில நீளவால் மக்காக்குகளை (ரீசஸ் குரங்கின்ர சாதிக்காரர்) நூற்றாண்டுகளுக்கு முந்திக் கப்பற்காரர் விட்டவை. கொஞ்சத்தில இருந்து பெருகினதால அங்க முக்கியமா 7 எம்.எச்.சி. தொகுதிதான். ஆய்வுகூடத்துக்கு அது கற்கண்டு. எனக்கு உடன்பாடு அரைவாசிதான்: அவ்வளவு ஒரே மாதிரியான குரங்கில கிடைச்ச விடை, ஊர் உலகத்துக்கெல்லாம் செல்லுமெண்டு எப்பிடிச் சொல்லுறது?

மாங்குளம்: எங்கட குரங்கும் அதே இனமோ?

இல்லை. உச்சியில தொப்பி மாதிரி மயிர் பரந்த எங்கட குரங்கு மக்காக்கா சினிக்கா, இலங்கையில மட்டும்தான் இருக்கு. கறுத்த முகம், நீண்ட வாலோட நிக்கிறது வேற சாதி, மக்காக்கே இல்லை. 2023இல ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்புற கதை வந்தபோது கனபேர் கைதட்டினவை. ஆனா இது அழியிற ஆபத்துப் பட்டியலில உள்ள இனம். கடுவன் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போகும், பெட்டையள் அங்கயே நிக்கும். குளத்துக்கும் குளத்துக்கும் இடையில காடு வெட்டுப்பட்டால் கடுவன் போக வழியில்லை, புது எதிருரு வராது. ஒரே இன நெல்லை வயல் முழுக்க விதைச்சுக் கபிலநிறத் தத்திப் பூச்சியிட்டக் குடுத்த ஆக்களுக்கு மிச்சம் விளங்கும்.

விசுவமடு: குரங்கு கடிச்சால்?

சவர்க்காரம் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு நேர ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ. விசர்நாய் ஊசி வேணுமோ எண்டதை அங்க சொல்லுவினம்.