விட்டுவந்த வேலையின் பென்ஷன் விலைவாசியோடு ஏறுமா?

பிரிட்டனில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வு வயதுக்கு முன்பே விலகியவர்களின் பென்ஷன் அந்தக் கம்பெனித் திட்டத்திலேயே காத்திருக்கும். அதைத்தான் ‘டிஃபர்டு பென்ஷன்’ என்கிறார்கள். விலகிய நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் இடையில் அதை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது: விலைவாசி ஏறும் அளவுக்கு, ஆனால் ஓர் உச்சவரம்புக்குள். இதைப் பற்றி வந்த கேள்விகள் சில:

கேள்வி: 2015 ஜனவரியில் விலகினேன். 2022இல் விலைவாசி 10 சதவீதம் ஏறியது. உச்சவரம்பு இருப்பதால் அந்த வருட உயர்வில் பாதியை இழந்துவிட்டேனா?

பதில்: இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சட்டப்படி உச்சவரம்பை வருடா வருடம் பார்ப்பதில்லை. விலகிய நாள் முதல் ஓய்வு வயது வரை உள்ள முழு ஆண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 10.1 சதவீதம், ஆனால் 2020 செப்டம்பரில் 0.5தான். குறைந்த வருடங்கள் கூடிய வருடத்துக்கு இடம் விட்டுக்கொடுக்கும்.

உங்கள் கணக்கையே போடுவோம். 2025 ஜனவரியில் ஓய்வு என்றால் முழுதாகப் பத்து ஆண்டுகள். நுகர்வோர் விலைக் குறியீடு அந்தக் காலத்தில் மொத்தம் சுமார் 34 சதவீதம் ஏறியிருக்கிறது. 2009 ஏப்ரல் 6க்கு முன் பார்த்த சர்வீஸுக்கு வரம்பு ஆண்டுக்கு 5 சதவீதம், பத்து ஆண்டுக்கு 62.9 சதவீதம், எனவே அந்த வரம்பு உங்களைத் தொடவே இல்லை. ஆனால் 2009 ஏப்ரல் 6க்குப் பிறகு பார்த்த சர்வீஸுக்கு வரம்பு 2.5 சதவீதம்தான், பத்து ஆண்டுக்கு 28 சதவீதம். அங்கேதான் அடி. விலகும்போது ஆண்டுக்கு 4,000 பவுண்டு, அதில் 2009க்கு முந்தையது பாதி, பிந்தையது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி 2,680 ஆகும், இரண்டாவது பாதி 2,560. மொத்தம் 5,240 பவுண்டு.

இந்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லி, திட்டத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகளுக்கு எழுதிக் கேளுங்கள். 2.5 என்ற வரம்பு விலைவாசி அடங்கியிருந்த காலத்தில் வைத்தது. 2022, 2023இல் நடந்ததைப் பார்த்த பிறகும் அதை அப்படியே விட்டுவைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. சட்டம் சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே. உங்கள் திட்ட விதி அதைவிடத் தாராளமாக இருந்தால் அதன்படிதான் தர வேண்டும்.

கேள்வி: அப்பா 1989இல் ஒரு தொழிற்சாலையை விட்டார். அவருடைய பழைய சர்வீஸுக்கு உயர்வே இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: வருத்தமான விஷயம்தான், ஆனால் உண்மையாக இருக்கலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டம், 1986 தொடக்கம் முதல் விலகியவர்களுக்கு, 1985 ஜனவரிக்குப் பிந்தைய சர்வீஸுக்கு மட்டுமே உயர்வைக் கட்டாயமாக்கியது. முழு சர்வீஸுக்கும் உயர்வு என்பது 1991 ஜனவரி 1 முதல் விலகியவர்களுக்குத்தான். அப்பா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். 1978 முதல் 1997 வரை பல கம்பெனித் திட்டங்கள் அரசின் கூடுதல் பென்ஷனிலிருந்து விலகி நின்றன, பதிலுக்கு ஜி.எம்.பி. என்ற உத்தரவாதத் தொகையைத் தர வேண்டியிருந்தது. அதற்கு உயர்வு தனி. நிலையான விகித முறையைப் பின்பற்றும் திட்டமாக இருந்தால், 1988 ஏப்ரல் முதல் 1993 ஏப்ரல் வரை விலகியவர்களுக்கு ஆண்டுக்கு 7.5 சதவீதம். சிறிய தொகைகூட இத்தனை வருடத்தில் பல மடங்காகியிருக்கும். அப்பாவின் கடிதத்தில் ஜி.எம்.பி. என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என்.எச்.எஸ். எனும் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில் நர்ஸாக இருந்துவிட்டு விலகினேன். எனக்கும் இதே வரம்பா?

பதில்: இல்லை. உங்களுடையது அரசுத் துறைத் திட்டம். 1971ஆம் ஆண்டு பென்ஷன் உயர்வுச் சட்டப்படி நுகர்வோர் விலைக் குறியீடு முழுதாக, வரம்பின்றிக் கிடைக்கும். 2023 ஏப்ரலில் 10.1, 2024இல் 6.7, 2025இல் 1.7 சதவீதம்.

கேள்வி: என் பென்ஷன் சேமிப்புக் கணக்கு மாதிரி, பங்குகளில் போட்டிருக்கிறார்கள். அதற்கும் விலைவாசி உயர்வு உண்டா?

பதில்: கிடையாது. முதலீடு எப்படிப் போகிறதோ அப்படித்தான்.

கேள்வி: திருச்சிக்கே திரும்பிவிட்டேன். இந்தியாவில் இருந்தால் பென்ஷன் உறைந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: அவர் சொல்வது பிரிட்டன் அரசு பென்ஷனைப் பற்றி. அது இந்தியாவிலோ இலங்கையிலோ குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறாது; வாங்கத் தொடங்கிய தொகையிலேயே நிற்கும். கம்பெனி பென்ஷனுக்கு அந்தத் தடை இல்லை. காத்திருக்கும் காலத்து உயர்வு நீங்கள் எங்கே இருந்தாலும் சேரும். முகவரி மாறியதைத் திட்டத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பழைய கம்பெனி பெயர் மாறியோ கைமாறியோ போயிருந்தால், பிரிட்டன் அரசின் பென்ஷன் தேடல் சேவை இலவசமாக உதவும்.

கேள்வி: ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் இதே உயர்வு தொடருமா?

பதில்: அதற்கு வேறு விதி. 1997 ஏப்ரல் 6 முதல் 2005 ஏப்ரல் வரை பார்த்த சர்வீஸுக்கு 5 சதவீத வரம்போடும், அதன் பிறகான சர்வீஸுக்கு 2.5 சதவீத வரம்போடும் உயர்வு கட்டாயம். இங்கே வரம்பை ஒவ்வொரு வருடமும் பார்ப்பார்கள். 1997க்கு முந்தைய சர்வீஸுக்கு, ஜி.எம்.பி.யின் ஒரு பகுதி நீங்கலாக, சட்டப்படி உயர்வு கட்டாயமில்லை. திட்ட விதியில் இருந்தால்தான் உண்டு. ஓய்வு நாளில் பெரிய தொகையாகத் தெரிவது பத்து வருடத்தில் சுருங்கிப்போகலாம். எனவே பென்ஷன் வாங்கத் தொடங்கக் கையெழுத்துப் போடும் முன், எந்தக் காலத்துச் சர்வீஸுக்கு எவ்வளவு பென்ஷன், வாங்கத் தொடங்கிய பின் அதற்கு என்ன உயர்வு என்று எழுத்தில் வாங்குங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் திட்டத்துக்குள்ளேயே முறைப்படி புகார் செய்யுங்கள்; அதிலும் தீராவிட்டால் பென்ஷன் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.