கோயில் வேலை முடியட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் கிறிஸ்தவ சபையின் நூறு வருடத்துக்கு மேல் பழைய ஓட்டுக் கோயிலைப் புதுக்குகிறோம். போன அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு ஓட்டை இறக்கினார்கள். அன்றிலிருந்து தகரக் கொட்டகையில்தான் ஆராதனை. நான் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது வகுப்பு சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நடக்கிறது, சில வாரம் அதுவும் இல்லை. பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் நின்று, நிதி வசூல் கணக்குதான் வாசிக்கிறார்கள். வட்டார வீட்டு ஜெபம் அடியோடு நின்றுவிட்டது. என் மாமி வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார்கள். சபையிலிருந்து ஆள் வராமல் இல்லை, ஆனால் வந்த ஒவ்வொரு தடவையும் கையில் ரசீதுப் புத்தகம். போதகரிடம் கேட்டேன். "கோயில் வேலை முடியட்டும்மா, எல்லாம் சரியாகும்" என்றார். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று தொகை போட்டிருக்கிறார்கள். தராதவர்கள் பெயரை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசிக்கிறார்கள். பழைய கோயில்களைப் பற்றி நீங்கள் நிறைய எழுதுகிறீர்கள். அதைப் புதுக்கும் காலத்தில் சபை படுகிற பாட்டையும் எழுதுங்கள். இந்த வேலை முடியும்வரை எங்கள் காணிக்கையை நிறுத்திவைக்கலாமா? இப்படி முறுமுறுப்பது பாவமா?

பெயர் வேண்டாம்.

---

அன்புள்ள சகோதரிக்கு,

காணிக்கையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கமிட்டியின் கண்ணுக்குத் தெரியப்போவது நோட்டில் உங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம்தான். மாமியின் கட்டில் அதில் தெரியாது. "அவங்களுக்குத் தர மனசில்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் சொல்ல வந்தது அந்த ஒரு வரியில் காணாமல் போகும்.

கட்டடம் எதற்கு, மனிதர்கள்தானே சபை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். வெளியூர் பிரசங்கிமார் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நம் குமரி ஜில்லாவில் அது அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதல்ல. திருவிதாங்கூர் அரசில் நம் முன்னோர்களில் பலருக்கு ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்ட அனுமதி இல்லை. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. 1828, 1829இல் தோள்சீலைக் கலகம் முற்றியபோது ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் பல ஊர்களில் கொளுத்தினார்கள். 1858, 1859இல் மறுபடியும் அதே கதை. குனிந்து நுழையும் குடிசையில் வாழ்ந்தவர்கள், எரிந்த ஓலைக் கொட்டகை இருந்த இடத்திலேயே கருங்கல் சுவரும் உயர்ந்த கூரையுமாக ஒரு கோயிலை எழுப்பினால் அதை வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் அவர்கள் நிமிர்ந்து நுழைய முடிந்த முதல் கட்டடம் அதுவாக இருந்திருக்கும். உங்கள் கமிட்டிக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துக் கம்பி எண்ணுகிறார்கள் என்றால் அந்தப் பாசம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. அதைக் கேலி செய்துவிட்டு அவர்களிடம் எதையும் பேச முடியாது.

ஆனால் அதே முன்னோர்களை வைத்தே அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. மயிலாடியில் மிஷனெரி ரிங்கெல்தௌபே 1809இல் கோயில் கட்டத் தொடங்கியபோதே பக்கத்தில் பள்ளிக்கூடமும் தொடங்கினார். நாகர்கோவில் கஸ்பா சபைக் கோயிலுக்கு 1819 ஜனவரி 1ஆம் தேதி அஸ்திவாரக்கல் வைத்தார்கள். அதே 1819இல்தான் பெண்பிள்ளைகளுக்கான பள்ளி வருகிறது. 1820இல் அச்சுக்கூடம். 1821இல் மிஷனெரி மால்ட் அம்மையார் ரேந்தை (லேஸ்) பின்னும் வேலையை ஆரம்பிக்கிறார். அடிமைகளாக இருந்த பெண்கள் ரேந்தை பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நூல்கண்டின் மதிப்பு தெரியும். இத்தனையும் அஸ்திவாரம் தோண்டி, கல் சுமந்து, பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த அதே வருடங்களில் நடந்தவை. "கோயில் வேலை முடியட்டும், பிறகு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அன்றைய மிஷனெரிகளான மீட் தம்பதியர் சொல்லியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் நடுவே இன்றைக்கு ஒரு கடிதம் ஓடியிருக்குமா என்று தெரியவில்லை.

ஆகவே உங்கள் போதகர் சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இறையியல் கல்லூரியில் அவருக்கு எபிரெயம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், எம்-சாண்டில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சேகரத்தில், அதாவது அவர் பொறுப்பிலுள்ள சபைகளில், அவருக்கு உங்கள் சபை ஒன்று மட்டுமா? சில வருடத்தில் மாற்றலாகிப் போகப்போகிறவர் வேறு. போவதற்குள் பிரதிஷ்டை நடந்து கல்வெட்டில் பெயர் வந்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கிறதோ இல்லையோ, சுற்றியிருப்பவர்கள் அதை ஊட்டிவிடுவார்கள். (அந்தக் கல்வெட்டில் கொத்தனார் பெயரைப் பொறித்த ஒரு கோயிலை யாராவது எனக்குக் காட்டினால் மாலையோடு போய் நிற்பேன்.)

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ரசீதுப் புத்தகம்தான். ஆள் வரவே இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. வந்தார்கள், ரசீதோடு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். வசூலுக்கு வந்தவர், வந்தது வந்தோம் என்று கட்டிலருகே நின்று ஒரு சின்ன ஜெபம் செய்கிறார். ஜெபம் முடிந்ததும் வீட்டுக்காரர் சட்டைப்பையைத் தடவுகிறார். வந்தவர் கேட்காமலிருந்தாலும் வீட்டுக்காரர் தடவத்தான் செய்வார். அடுத்த தடவை படலைத் திறக்கும் சத்தம் கேட்டால் நோயாளியே "கைல காசு இருக்கா மக்கா?" என்று கேட்கும் நிலை. இப்படி ஒரு வருடம் ஓடினால், வேலை முடிந்தபின் போதகர் வெறுங்கையோடு வந்தாலும் அந்த வீடு நம்பாது. கட்டடம் முடிந்தபின் எல்லாம் சரியாகும் என்பது இதனால்தான் நடக்காத காரியம்.

முறுமுறுப்பு பாவமா என்று கேட்டீர்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தங்கள் விதவைகள் "அன்றாட விசாரணையில்" கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களைக் கடிந்துகொண்டதாக ஒரு வரியும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். பந்தி விசாரணைக்கு ஒரு கூட்டம், ஜெபத்துக்கும் வசனத்துக்கும் ஒரு கூட்டம் என்று வேலையைப் பிரித்தார்கள். கைவிடப்பட்ட கிழவிகளுக்காக யாரோ முறுமுறுத்ததால் வந்த ஏற்பாடு அது. நீங்களும் அதையே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், உங்கள் பெயரைப் போட்டே கேளுங்கள். எனக்கு எழுதும்போது பெயர் வேண்டாம், கமிட்டிக்கு எழுதும்போது வேண்டும். ரசீதுப் புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் நோயாளி வீடுகளுக்குப் போகக்கூடாது, நோயாளி வீடுகளுக்குப் போகிறவர்கள் வசூலில் இருக்கக்கூடாது. போதகர் இரண்டாவது கூட்டத்தில். சிமெண்டுக்காரர் போனை கமிட்டிச் செயலாளர் எடுக்கட்டும். ஒரு பைசா செலவில்லாத தீர்மானம் இது. ஆனாலும் எதிர்ப்பு வரும், ஏனென்றால் போதகர் கூட வந்தால் வசூல் கூடும் என்பது கமிட்டிக்கு நன்றாகத் தெரியும்.

தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று தொகை போடுவதைப் பற்றி: நம் சபைகள் வளர்ந்தது பிடியரிசியில். உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வேறு கலயத்தில் போட்டு வைப்பார்கள் நம் அம்மைமார். பெரிய வீட்டில் பெரிய கை, சின்ன வீட்டில் சின்னக் கை, அவ்வளவுதான் வித்தியாசம். அறுப்பின் பண்டிகையும் அப்படித்தானே. முருங்கைக்காய்க் கட்டோடு வரும் கிழவியும் செவ்வாழைக் குலையோடு வரும் தோட்டக்காரரும் ஒரே மேசையில் வைக்கிறார்கள். ஏலத்தில் அந்த முருங்கைக்காய் என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த பையன் ஒருவன் குறும்புக்காக ஏற்றிவிடுவான், இன்னொருவன் விடமாட்டான், கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று சொன்ன மறுகணம் இதெல்லாம் போய்விடுகிறது. உங்கள் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் அதிகம். ஆனி ஆடி மழையில் வெட்டு நின்றுபோகும், பள்ளிக்கூடச் செலவும் அப்போதுதான் வந்து நிற்கும். அந்த மாதத்தில் தவணை கட்டாதவன் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அறிவிப்பு என்று மட்டும் அதைச் சொல்லமாட்டேன்.

வசூல் பிரசங்கத்தில் ஆகாய் தீர்க்கதரிசி தவறாமல் வருவார். "மச்சுப்பாவப்பட்ட உங்கள் வீடுகள்" என்று கேட்டதும் கான்கிரீட் வீடு கட்டியவர்கள் தலை குனிவார்கள். யாத்திராகமம் 36ஐ ஏன் யாரும் எடுப்பதில்லை? ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவருகிறார்கள் என்று வேலைக்காரர்களே வந்து மோசேயிடம் சொல்கிறார்கள். இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுக்கக் கூறச் செய்கிறார். "போதும்" என்று அறிவித்த கட்டட நிதிக் கமிட்டி வேதத்தில் ஒன்று இருக்கிறது. நம் ஜில்லாவில் நான் இன்னும் பார்த்ததில்லை. கோபுரம் முடிந்தால் ஹால், ஹால் முடிந்தால் சுற்றுச்சுவர், அதற்குப் பின் நுழைவு வளைவு.

தகரக் கொட்டகைக் காலத்தைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை, சில பிரசங்கங்களுக்கு மழை உபகாரம். வீட்டு ஜெபம் நின்றதுதான் எனக்கு விளங்கவே இல்லை. கோயிலுக்குக் கூரை இல்லாத வருடத்தில் வீடுகளில் கூடுவது இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளிக்கு இடமில்லை என்றீர்கள். கோயிலுக்கு வர முடியாத கிழவர் கிழவிகள் இருக்கிற வீடுகளில் ஏதாவது ஒரு திண்ணையில் வகுப்பை நடத்துங்கள், வாரம் ஒரு வீடு. உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் பாட்டுப் படிப்பதை மாமி உள்ளே படுத்தபடியே கேட்கட்டும். மனப்பாட வசனத்தை அவர்களிடமே ஒப்பிக்கச் சொல்லுங்கள், பிழை பிடிப்பதில் நம் மாமிமாரை மிஞ்ச ஆளில்லை. இதற்குக் கமிட்டித் தீர்மானம் வேண்டாம். திருவிருந்து மட்டும் போதகர்தான் கொண்டுவர வேண்டும். அதைத் தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள், "நேரம் கிடைக்கும்போது" என்று கேட்காதீர்கள்.

கட்டடத்தைப் பற்றியும் இரண்டு சொல். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அதன்மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். நம் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுவர் குடித்த ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், பிறகு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். ஒப்பந்தக்காரர் இதைச் சொல்லமாட்டார், பூசுவதுதான் அவர் தொழில். வழுவழுப்பான டைல்ஸும் வேண்டாம். குடையிலிருந்து சொட்டும் தண்ணீரில் முதலில் விழப்போவது கம்பு ஊன்றி வருகிறவர்கள்.

இன்னொன்று, அவசரம். பழைய கோயில்களின் தரை உயரமாக இருக்கும், ஏறிப்போகப் படிகள். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதைக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். உங்கள் கோயில் தரை 3 அடி உயரம் என்றால் 36 அடி. முற்றத்தில் அதற்கு இடம் இப்போதே ஒதுக்கினால்தான் உண்டு. வரைபடத்தில் அது இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். முன்பக்கம் கிரானைட் படி ஒட்டியபின் கேட்டால் உடைத்துத்தான் வைக்க வேண்டும், அதற்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போட்டுக்கொண்டு வருவார்கள்.

அன்புடன்.