பேக்கரி வேலை தெரிந்த தம்பிக்கு

அக்கா, தம்பி சிறையில் பேக்கரி வேலை பழகி வந்திருக்கிறார், தோட்டத்து லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் வங்கி கடன் தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடனை இப்போதைக்கு விடுங்கள். பாண் சுடும் போறணை கட்டவும் வேண்டாம். ஹட்டன் பக்கம் விறகுப் போறணை உள்ள பேக்கரியில் பேசிப் பாருங்கள். பாண் இறக்கிய பிறகும் உள்ளே நல்ல சூடு நிற்கும். பணிஸ் போட அது தாராளம். வாடகையாகச் சிறு தொகை கொடுக்கலாம்.

நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் கைவேலையைப் பரீட்சித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறார்கள், அதை எடுக்கச் சொல்லுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். அதற்காகக் கிராம சேவகரிடம் போகும்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். முதல் தடவை அந்த வாசலில் நிற்பதுதான் அவருக்குக் கஷ்டம்.

அப்புறம், தோட்டத்துக் கடைகளுக்குப் பணிஸைக் கடனுக்குப் போட வேண்டாம். சம்பள நாள் வரை காத்திருந்தால் மாவுக்குக் காசு இருக்காது.